ஒன்பதாம் நம்பர் மலையும் என் வீட்டுத் தேத்தண்ணியும்

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நல்ல தேத்தண்ணி யார் வீட்டில் கிடைக்கும் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் என் வீட்டைத்தான் கை காட்டும். இதை நான் அடக்கமாகச் சொல்லப்போவதில்லை. தோட்டத்தில் மாதா மாதம் கிடைக்கும் தூளைப் பேணியில் பத்திரமாக மூடி வைத்துவிட்டு, வெளிறிப்போன ஏதோ ஒன்றைத் தேத்தண்ணி என்று குடிக்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். என் வீட்டில் அது நடக்காது. தூளைத் தாராளமாகப் போட்டுச் சாயம் நன்றாக இறங்க வேண்டும். நாக்கில் பட்டதும் ஒரு பிடி பிடிக்க வேண்டும். பால் கிடையாது. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம்.

எழுந்ததும் தேத்தண்ணி, காலை ரொட்டிக்குத் தேத்தண்ணி, மலையில் பத்து மணிச் சாப்பாட்டுக்குப் போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணி, சோறு தின்று கை கழுவியதும் தேத்தண்ணி. தலையிடிக்கு மாத்திரை போட்டாலும் அதோடுதான். "இவளுக்கு வெறும் தண்ணி கை கால் கழுவத்தான்" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். சொல்லிவிட்டு அவரும் ஒரு கோப்பை கேட்பார்.

புளத்கொகுபிட்டியில் பஸ் ஏறி, பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி, மேலே நடந்தால் எங்கள் தோட்டம். கீழே இறப்பர், மேலே தேயிலை. வீட்டுக்காரர் கீழே பால் வெட்டுகிறார். நான் மேலே கொழுந்து எடுக்கிறேன். கல்யாணம் கட்டியதிலிருந்து ஆளுக்கொரு திசையில் வேலைக்குப் போவதால்தான் எங்களுக்குள் சண்டை குறைவு என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் பிரிவில் ஆக உயரத்தில் இருப்பது ஒன்பதாம் நம்பர் மலை. மலை என்று நாங்கள் சொல்வது கொழுந்து எடுக்கும் இடத்தை. அதற்குப் போகும் குறுக்குப்பாதை செங்குத்தாக ஏறும். பாதி வழியில் ஒரு பெரிய கல் இருக்கிறது. அங்கே வந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிடுவார்கள். கூட்டத்தை வேலை வாங்கும் கங்காணி கீழேயிருந்து பார்த்துவிட்டு, "கல்லு வந்தாப் போதும், சோம்பேறிக் கூட்டம் குந்திரும்" என்று தினமும் தொண்டை கிழியக் கத்துவார். அவர் நல்ல மனிதர்தான். தொண்டைதான் பெரிது. நான் மட்டும் அந்தக் கல்லில் உட்கார்ந்ததே இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப்போவேன். மேலே போய் முதல் நிரையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தபடி கொழுந்தில் கை வைப்பேன்.

தோட்டத்து அதிகாரிகளில் இளையவரான சின்னத்தொரை அதைப் பார்த்திருக்கிறார். சித்திரை வருசம் பிறந்து வேலை தொடங்கிய நாள், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்திவைத்துக்கொண்டு விசயத்தைச் சொன்னார். தீபாவளியோடு கங்காணி வேலையிலிருந்து நிற்கப்போகிறார். அவருடைய இடத்துக்கு இந்தத் தடவை ஒரு பெண்ணைப் போடலாம் என்று பெரியதொரை நினைக்கிறார். அந்தப் பெண் நான்தான்.

எங்கள் பிரிவில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. கொழுந்து எடுப்பது முழுக்கப் பெண்கள், பின்னால் நின்று சத்தம் போடுவது ஆண். எங்கள் ஆட்கள் கடல் தாண்டி வந்த காலத்திலிருந்து அதுதான் வழக்கம். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. சின்னத்தொரை கடைசியாகச் சொன்னதும் காதில் விழுந்தது. "ஒம்போதாம் நம்பருக்குக் கூட்டத்தக் கூட்டிட்டு முன்னால ஏறணும். தீபாவளி வரைக்கும் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்." நான் சிரித்தேன். ஏறுவது எனக்கு ஒரு வேலையா?

அன்று மாலை வீட்டுக்காரர் கேட்டார். "அப்ப இனி வீட்டுலயும் நீதான் கங்காணியா?"

"இவ்வளவு நாளும் யாருன்னு நெனச்சீங்க?" என்றேன்.

வைகாசி மழை தொடங்கிய பிறகு கால்கள் என் பேச்சைக் கேட்க மறுத்தன. முதலில் தொடை கடுத்தது. பிறகு ஏறும்போது மூச்சு அடைத்து, நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. கொண்டை போடக் கையைத் தூக்கினால் பாதியில் இறக்கி ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. சம்பல் பட்டால் நாக்கு எரிந்தது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

இன்னொன்றும் வந்தது. பச்சை அரிசி தின்னும் ஆசை. சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை வாயில் போட்டால் நிறுத்த முடியவில்லை. பிறகு சேலைத் தலைப்பில் முடிந்து மலைக்கே கொண்டுபோனேன். லயத்தில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்துக் காம்பராக்காரி ஒருத்தி எனக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பாள். வயதில் எனக்கு இளையவள், வாய் மட்டும் மூத்தது. அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னாக்கா, பச்சரிசி? விசேசமா?"

"என் மூத்தவனுக்கே பொண்ணு பாக்குறோம். வாய மூடிட்டுக் கொழுந்த எடு."

அவள் வாயை மூடவில்லை. அடுத்த நாள் லயம் முழுக்கச் சிரித்தது. வீட்டுக்காரர்கூட ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தார். அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் வேறு பேச்சு தொடங்கியது. கங்காணி வேலை என்று சொன்னதிலிருந்து ஊர்க் கண் பட்டுவிட்டது என்றார்கள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். கோவிலில் கயிறு கட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்து மலையில் மழைக்காலத்தில் அட்டை மொய்க்கும். "ஒன் ரத்தத்த எல்லாம் அட்ட குடிச்சிருச்சு புள்ள" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆனி மாதத்தில் ஒரு நாள், ஒன்பதாம் நம்பருக்கு ஏறும்போது, அந்தக் கல் வந்த இடத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் பார்க்க, அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தேன். பேசிக்கொண்டு வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கங்காணி மேலே வந்தார். அவர் அன்றைக்குக் கத்தவில்லை. என் கொழுந்துச் சாக்கையும் இடுப்பில் கட்டும் படங்கையும் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒனக்கு ஏலலன்னா சொல்லு தங்கச்சி. புள்ளக் காம்பராவுல ஆள் வேணும்னு சொன்னாங்க. குந்திக்கிட்டே புள்ளைகளப் பாத்துக்கலாம். நான் தொரைகிட்டப் பேசுறேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. கத்தியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். குழந்தைகளைப் பார்ப்பது கேவலமான வேலையில்லை. ஆனால் முதல் தடவையாக ஒரு பெண்ணை முன்னால் நிறுத்திப் பார்க்கிறார்கள், அந்தப் பெண் பாதி மலையில் உட்கார்ந்துவிட்டாள் என்றால், அடுத்த பெண்ணை அவர்கள் கூப்பிடப்போவதில்லை. என் கால் தோற்றால் அது என்னோடு முடியாது. எனக்குப் பயமாக இருந்தது. பயந்ததே எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் ஒரு சிங்களப் பெண், வயது குறைவு. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார். இரத்தத்தில் இரும்புச்சத்து மிகவும் குறைந்துவிட்டது என்றார். அதனால்தான் தசைக்குப் பலம் இல்லை, மூச்சு வாங்குகிறது, அந்த அரிசி ஆசைகூட அதனால்தான் என்றார். அரிசிக்கும் இரத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மாதா மாதம் எனக்கு எவ்வளவு இரத்தம் போகிறது என்பதையும் விசாரித்தார். பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதித் தந்தார். மருந்து கொடுக்கிற இடத்தில் கூட்டம் நெரிந்தது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்தேன்.

மாத்திரையை நான் ஒரு நாளும் தவறவிடவில்லை. காலையில் ரொட்டியைத் தின்றுவிட்டு, நல்ல சாயத் தேத்தண்ணியை ஊற்றி, மாத்திரையை விழுங்குவேன். காலையில் போட மறந்தால் மலையில் சாப்பிடும்போது போடலாம் என்று ஒரு மாத்திரை அட்டையைப் பையிலேயே வைத்திருந்தேன். வாயில் ஆணியைக் கடித்த மாதிரி ஒரு ருசி வரும். வயிறு இறுகும். எதையும் பொருட்படுத்தவில்லை. ஆடி வந்தது, ஆவணி வந்தது, கால் மட்டும் அப்படியே இருந்தது. ஒன்பதாம் நம்பருக்கு ஏறும் நாட்களில் கல்லில் கைவைத்து நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறினேன். உட்காரவில்லை. நிற்பதும் உட்காருவதும் ஒன்றுதான் என்று பக்கத்துக் காம்பராக்காரி சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுபடியும் இரத்தம் பார்க்கச் சொன்னதால் போனேன். டொக்டர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மருந்து குடிக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

"பொனவா மிஸ், ஹெமதாம பொனவா," தினமும் குடிக்கிறேன் என்றேன்.

சிலபேர் வாங்கிக்கொண்டு போய்த் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சொல்லுங்கள், நான் ஏசமாட்டேன் என்று பக்குவமாகச் சொன்னார். பக்குவம் எல்லாம் என் காதில் ஏறவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார், அதுதான் ஏறியது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேதான் இருக்கும், எப்போது இறங்கும் என்று எனக்கே தெரியாது. பையைத் திறந்து மாத்திரை அட்டையை மேசையில் வைத்தேன். ஒன்றைப் பிதுக்கி எடுத்தேன். வழிக்குக் கொண்டுவந்த போத்தலைத் திறந்து, இப்படித்தான் குடிக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அவருடைய முகத்துக்கு முன்னாலேயே மாத்திரையைப் போட்டு மடக் மடக்கென்று குடித்தேன்.

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த போத்தலைப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"தே, மிஸ். அப்பே வத்தே தே," என்றேன். எங்கள் தோட்டத்துத் தேயிலை என்று அந்த இடத்திலும் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் கதிரையில் சாய்ந்து சிரித்துவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். நான் பொய் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது, முதல் நாளே எதோடு குடிக்க வேண்டும் என்று தானே சொல்லியிருக்க வேண்டும் என்றார். சாயத் தேத்தண்ணியில் இருக்கிற ஒன்று இரும்புச்சத்தை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம், இரத்தத்துக்குப் போக விடாதாம். மாத்திரைக்கு மட்டுமில்லை, கீரை, பருப்பு என்று சாப்பாட்டில் வருகிற சத்துக்கும் அதே கதி. சாயம் கூடக் கூடப் பிடிப்பும் கூடும். இத்தனை மாதம் நான் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கியிருக்கிறேன்.

எனக்கு வெட்கத்தைவிட ரோசம்தான் முதலில் வந்தது. எங்கள் கையால் எடுத்த கொழுந்து. உலகமே வாங்கிக் குடிக்கிறது. அதைப் போய்க் குற்றம் சொல்வதா? அதைக் கேட்டேவிட்டேன். தேத்தண்ணி கூடாது என்று யார் சொன்னது, சாப்பாட்டோடும் மாத்திரையோடும்தான் கூடாது, தின்று ஒரு மணித்தியாலம் கழித்து ராணி மாதிரி உட்கார்ந்து குடியுங்கள் என்றார் டொக்டர். ராணி என்றதும் எனக்குக் கொஞ்சம் இறங்கியது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டுக்காரர் கேட்டார். "அப்ப அட்டையில்ல, நீயேதான் ஒன் ரத்தத்தக் குடிச்சியா?"

"நீங்களும் என்கூடச் சேந்துதான் குடிச்சீங்க. ஒங்களுக்கும் நாளைக்கு ரத்தம் பாக்கணும்."

அவர் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போய் ஈரல் வாங்கிவந்து, அடுப்பங்கரைப் பக்கம் என்னை விடாமல், மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தார். உப்புக் கூடிப்போயிருந்தது. நான் ஒரு சொல் சொல்லாமல் தின்றேன். அவரிடம் நான் எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன், ஆனால் அந்த மனிதரைக் கட்டியதில் எனக்குப் பெருமை என்று அன்றைக்கு நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வாரா வாரம் அதே உப்போடு வைப்பார்.

கீழே ஓடைப் பக்கம் பொன்னாங்காணி கிடந்தது. நெத்தலிக் கருவாடும் முட்டையும் சம்பளத்துக்கு ஏற்ற மாதிரி வந்தன. மாத்திரைக்கு டொக்டர் சொன்னபடி தேசிக்காய் பிழிந்த புளிப்புத் தண்ணி. ஆனால் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி இல்லாமல் இருப்பது இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. முதல் வாரம் தலை இடித்தது. எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். கேத்தலைப் பார்த்தால் கண் கலங்கியது. ஒரு மணித்தியாலம் கழித்து ஊற்றினால், உண்மையைச் சொல்கிறேன், முன்னைவிட ருசியாக இருந்தது.

மாற்றம் எந்த நாள் வந்தது என்று எனக்குத் தெரியாது. புரட்டாசி முடிகிற நேரம், துவைக்கப் போட்ட சேலைத் தலைப்பில் பச்சை அரிசி முடிச்சு அப்படியே இருந்தது. எப்போது முடிந்தேன் என்றே நினைவில்லை. அந்த அரிசியைக் கோழிக்குப் போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு கையையும் தூக்கி ஒரே மூச்சில் கொண்டை போட்டேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் சின்னத்தொரை என்னிடம் கூட்டத்தை ஒப்படைத்து ஒன்பதாம் நம்பருக்கு ஏறச் சொன்னார். அவர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கங்காணி அவர் பக்கத்தில் நின்றார். நான் முன்னால் ஏறினேன். கல் வந்தது. கை வைக்கவில்லை, நிற்கவில்லை. மேலே வந்து முதல் நிரையில் நின்று கீழே பார்த்தபோது எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வந்துவிட்டேன் என்று அந்த மலை முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போல இருந்தது.

கூட்டம் பின்னால் இல்லை. எல்லோரும் கல்லில் இருந்தார்கள். கல்லிலும் கல்லைச் சுற்றியும், புல்லிலும் மண்ணிலும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு இருந்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரியும் இருந்தாள். கீழேயிருந்து சின்னத்தொரை பார்க்கிறார். இந்த இடத்தில் கங்காணி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வசவு எனக்கு மனப்பாடம். வாய்வரை வந்துவிட்டது.

நான் இறங்கி வந்தேன். பக்கத்துக் காம்பராக்காரியின் முகத்தைப் பிடித்து, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. அடுத்தவளைப் பார்த்தேன். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. இத்தனை வருசமும் இந்தக் கல்லில் சோம்பேறி என்று ஒருத்தியும் உட்காரவில்லை.

"என்னாக்கா கண்ணப் புடுங்குற?"

"பச்சரிசி திங்கிறியா நீ?"

பக்கத்துக் காம்பராக்காரி சேலைத் தலைப்பு முடிச்சைக் கையால் மறைத்துக்கொண்டாள். ஊரையே சிரிக்க வைத்தவள்.

வேலை எனக்குக் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், கூட்டத்தைத் திட்டாமல் திரும்ப இறங்கிப்போய் ஏற்றிக்கொண்டு வந்ததைக் கங்காணிதான் எடுத்துச் சொன்னாராம். நான் முதலில் ஏறியதால்தான் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன். இரண்டும் இருக்கட்டும்.

கங்காணியாக நான் செய்த முதல் காரியத்துக்கு ஊரே ஏசியது. பத்து மணிச் சாப்பாட்டோடு தேத்தண்ணி இல்லை. ரொட்டியைத் தின்று தண்ணி குடி. கொழுந்து நிறுக்க இறங்கும்போது, நிழலில் உட்கார்ந்து, போத்தலைத் திறந்து ஆற அமரத் தேத்தண்ணி குடி. "கங்காணி ஆனதும் தேத்தண்ணிய நிறுத்திட்டா" என்று பேச்சு பக்கத்துத் தோட்டம்வரை போனது. நான் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரும்பாலானவர்களுக்கு இரத்தம் குறைவு. மாத்திரை வாங்கி வந்தவர்களை மலையில் பக்கத்தில் நின்று தண்ணியோடு விழுங்கவைத்தேன். என்னை ஏசிக்கொண்டேதான் விழுங்கினார்கள். என் வாய்க்குப் பயந்துதான் விழுங்கினார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லுவார். எதுவாக இருந்தாலும் உள்ளே போனால் சரி.

தைப்பொங்கல் கழிந்து சில வாரம் போயிருக்கும். பனி விலகாத காலையில் ஒன்பதாம் நம்பருக்கு ஏறிக்கொண்டிருந்தோம். நான் முன்னால் போகிறேன், பின்னால் பேச்சுச் சத்தம் விடாமல் வருகிறது. யாரோ யாருடைய கல்யாணச் சேலையையோ குறை சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பக்கத்துக் காம்பராக்காரி எனக்கு ஒட்டினாற்போல வந்துகொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தி என்னைக் கேட்டாள்.

"என்னாக்கா, இன்னும் கல்லு வரலயா?"

நான் திரும்பிப் பார்த்தேன். கூட்டம் முழுக்க என் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தது.

"கல்லு கீழ போயிருச்சு புள்ள," என்றேன்.